மாடி ரூமுக்குத் திரும்பி வாங்க

பெரம்பூர், வியாசர்பாடி, ஓட்டேரி, புளியந்தோப்புப் பக்கத்து மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்கு, குறிப்பாக என்னை இந்த டீமுக்குள் கொண்டுவந்த அண்ணன்மார்களுக்கு,

வணக்கம்.

2025 ஆகஸ்ட் 28 விடியற்காலை, நாம் சேர்ந்து மேட்ச் பார்க்கிற கேரம் கிளப் மாடி ரூமில் புரொஜெக்டரை அணைத்தபோது மூன்று பேர்தான் இருந்தோம். சாவி வைத்திருக்கிற அண்ணன், நான், எங்கள் நைனா. இங்கிலாந்து லீக் கோப்பைக் கால்பந்தில், கிரிம்ஸ்பி என்கிற நான்காம் டிவிஷன் டீமிடம் நம்ம டீம் தோற்றிருந்தது. பாதி ஆட்டத்தில் 2-0 என்று பின்னால் கிடந்து, 89ஆவது நிமிடத்தில் மகுவயர் தலையால் முட்டிச் சமன் செய்து, அப்புறம் பெனால்டி. இரண்டு பக்கமும் சேர்த்து 26 பெனால்டி அடித்தார்கள். கடைசிப் பந்தை நம்ம எம்பியூமோ அடித்தார். மேல்கம்பியில் பட்டுத் திரும்பியது. 12-11. நைனா ஒன்றும் பேசவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி படி இறங்கினார்.

அன்று பிள்ளையார் சதுர்த்தி ராத்திரி. தெருமுனைப் பந்தலில் சீரியல் லைட் எரிந்துகொண்டிருந்தது, காவலுக்குப் படுத்த பையன்கள் தூங்கிப்போயிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் நின்று போனைத் திறந்தேன். நம் குரூப்பில் நூற்றி நாற்பது மெசேஜ். முதலில் ஆச்சரியமாக இருந்தது, அப்புறம் அழுகை வந்துவிட்டது. நீங்கள் யாரும் தூங்கவில்லை. ஆளுக்கொரு வீட்டில், ஆளுக்கொரு போனில், அதே மேட்ச்சைக் கடைசிப் பெனால்டி வரைக்கும் பார்த்திருக்கிறீர்கள். ரூமுக்கு மட்டும் வரவில்லை.

அதனால்தான் இந்த மடல். குரூப்பில் எழுதாமல் வெளியில் எழுதுவதற்குக் காரணம், குரூப்பில் இல்லாத தம்பிகளும் தங்கச்சிகளும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான்.

நான் எப்படி உள்ளே வந்தேன் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். 1999 மே மாதம், பெரிய லீவு. எனக்குப் பன்னிரண்டு வயசு. அப்போது மாடி ரூம் கிடையாது. ஜமாலியா பக்கத்தில் ஒரு அண்ணன் வீட்டுத் திண்ணையில் டிவியைத் தூக்கி வைத்திருந்தார்கள். பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், நம் ஊரில் ராத்திரி பன்னிரண்டே காலுக்குத் தொடங்கியது. நைனா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பொம்பளப் புள்ளைக்கு நடுராத்திரியில தெருவில இன்னா வேலை என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "என் கூடத்தானே வர்றா" என்று மட்டும் சொன்னார். பேயர்ன் மியூனிக் ஆறாவது நிமிடமே கோல் போட்டுவிட்டது. அதற்கப்புறம் எண்பது நிமிடத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். காலையில் ஷிஃப்ட் இருக்கிறவர்கள், என்ன செய்வார்கள். நானும் எழுந்தேன். நைனா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "விசில் ஊதட்டும்" என்றார். 90 நிமிடம் முடிந்து, சேர்த்துக் கொடுத்த மூன்று நிமிடத்துக்குள் நம்ம ஷெரிங்ஹாம் ஒரு கோல், சோல்ஸ்க்யார் ஒரு கோல்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் என்ன நடந்தது என்பதை நீங்கள்தான் எனக்கு வருஷா வருஷம் சொல்லிக் காட்டியவர்கள். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது உங்களில் ஒருவர்தான். அவருடைய மெசேஜும் அந்த நூற்றி நாற்பதில் இருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மாடி ரூம் வந்த பிறகு 2008 மாஸ்கோ சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் ராத்திரி. செல்சியின் ஜான் டெர்ரி வழுக்கி விழுந்து பெனால்டியை விட்டாரே, அன்று ரூமுக்குள் இடமில்லாமல் படிக்கட்டு முழுக்க ஆள். ரோந்து வந்த போலீஸ்காரர் சத்தம் கேட்டு மேலே ஏறிவந்து, நம்ம கோல் கீப்பர் வான் டெர் சார் கடைசிப் பந்தைத் தடுக்கும் வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "சீக்கிரம் கலைஞ்சு போங்கப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கினார். புரொஜெக்டர் வாங்க ஆளுக்கு இவ்வளவு என்று நோட்டு போட்டுப் பிரித்தோம். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. கேரம் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில், அட்டை கிழிந்து.

2013இல் இருபதாவது லீக் பட்டம். அந்த மே மாதத்தோடு கோச் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். அதற்கப்புறம் மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஸ்க்யார், ராங்னிக், டென் ஹாக், அப்புறம் அமோரிம். கோப்பையே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். 2016இல் எஃப்.ஏ. கோப்பை, 2017இல் யூரோப்பா லீக், 2023இல் லீக் கோப்பை, 2024இல் மறுபடி எஃப்.ஏ. கோப்பை. அந்த 2024 ஃபைனலில் மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று ஜெயித்தோம். இரண்டு கோலையும் அடித்தது பத்தொன்பது வயசுப் பையன்கள், கர்னாச்சோவும் மைனூவும். அன்றுகூட ரூமில் பதினைந்து பேருக்கு மேல் இருந்தோம்.

அப்புறம்தான் போன சீசன். 38 மேட்ச்சில் 18 தோல்வி, 42 பாயிண்ட், பதினைந்தாவது இடம். 1974இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டதற்குப் பிறகு இவ்வளவு கீழே போனதே இல்லை. இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. பார்க்கவே முடியாத ஆட்டம் எத்தனையோ இருந்தது. ஒரு பந்தை முன்னால் கொடுக்க யோசித்து யோசித்துப் பின்னால் கொடுத்தே பாதி நேரம் கழிந்தது. கோபம் வருவது நியாயம்தான். எனக்கும் வருகிறது.

ஆனாலும் ஏப்ரல் மாதத்தில் ஒரு ராத்திரி இருந்தது. அதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ரூமில் அன்று ஒன்பது பேர்தான். பெரிய வியாழன். லூர்து மாதா கோயிலில் ஆராதனை முடிந்து, நானும் எதிர்வீட்டு மேரி அக்காவின் பையனும் நேராக மாடிக்கு வந்தோம். லியோன் டீமோடு யூரோப்பா லீக் கால் இறுதி, இரண்டாவது மேட்ச், பன்னிரண்டரைக்கு. முதலில் 2-0 என்று முன்னால் இருந்தோம். அவர்கள் இரண்டு போட்டுச் சமன் செய்தார்கள். எக்ஸ்ட்ரா டைமில் மேலும் இரண்டு போட்டார்கள். பத்துப் பேரை வைத்துக்கொண்டு! 4-2. மணி மூன்றை நெருங்குகிறது. நான் பையனைப் பார்த்தேன், அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 114ஆவது நிமிடம் புரூனோ பெனால்டி. 120ஆவது நிமிடம் மைனூ, காலின் உட்பக்கத்தால் வளைத்து மூலையில். அடுத்த நிமிடமே மகுவயர் தலையால். 5-4.

பெரிய வெள்ளி பிறந்துவிட்டது. கோயில் மணிகூட அடிக்காத நாள், நாங்கள் கத்தக் கூடாது. ஒன்பது பேரும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் குதித்தோம். சத்தமே இல்லாமல். மேரி அக்கா பையன் கண்ணில் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, நீங்க சொல்வீங்களே, அந்தத் திண்ணை மேட்ச்சு, இப்பிடித்தான் இருந்துச்சா?" இப்படித்தான் இருந்தது என்றேன்.

அடுத்த மாதம் பில்பாவோவில் ஃபைனல். டாட்டன்ஹாமிடம் 1-0. மே 22 விடியற்காலை. அன்று ஆறு பேர். கடைசி நிமிடங்களில் பந்து அவர்கள் கோலுக்கு முன்னால் குதித்துக்கொண்டே இருந்தது, உள்ளே மட்டும் போகவில்லை. நைனாவுக்கு இப்போது எழுபத்து நான்கு. இரண்டு மணிக்கு மேல் அவரால் உட்கார முடிவதில்லை, சுவரில் சாய்ந்துகொள்வார். அன்றும் விசில் ஊதும் வரை இருந்தார். 1999இல் எப்படி இருந்தாரோ அப்படியே. ஒன்றும் கிடைக்கவில்லை. எழுந்து வீட்டுக்கு வந்தோம்.

இப்போது அந்த மெசேஜ்களுக்கு வருகிறேன். மனசு கஷ்டப்படாமல் படியுங்கள்.

டீமைத் திட்டியதில் எனக்கு வருத்தமில்லை. கோச்சை மாற்ற வேண்டும், மூன்று டிஃபெண்டர் ஆட்டத்தை விட வேண்டும் என்று எழுதியவர்கள் பேசியது ஆட்டத்தைப் பற்றி. அதைப் பேசத்தான் ரூம். ஆனால் கோல் கீப்பர் ஓனானாவைப் பற்றி எழுதியது ஆட்டத்தைப் பற்றி இல்லை. அவருடைய நிறத்தைப் பற்றி எழுதினீர்கள். குரங்குப் படம் போட்டீர்கள். என்னைத் தோளில் தூக்கிய அண்ணன் அதற்குச் சிரிப்பு பொம்மை போட்டிருந்தார்.

அண்ணா, நாம எந்த ஊர்க்காரங்க? வியாசர்பாடி என்று அட்ரஸ் சொன்னதும் இண்டர்வியூ எடுப்பவரின் முகம் மாறியதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அட்ரஸை அண்ணா நகர் சித்தி வீட்டுக்கு மாற்றிக் கொடுத்து வேலை வாங்கியதையும் சொன்னீர்கள். கறுப்பு என்று, குப்பம் என்று, ரவுடி ஊர் என்று, நம் பேச்சு மெட்ராஸ் பாஷை என்று நம்மை வைத்துச் சிரித்தவர்கள் எத்தனை பேர். கிரவுண்டுக்கு வெளியூர் டீம் வந்தால் பூட்ஸ் திருடுபோய்விடும் என்று நம் காதுபடப் பேசுவார்கள். அதையெல்லாம் கேட்டு வளர்ந்த நம் கையிலிருந்து அந்தப் படம் எப்படிப் போனது?

ராஷ்ஃபோர்டை நினைத்துப் பாருங்கள். மான்செஸ்டரிலேயே பிறந்து, ஏழு வயசிலிருந்து இந்த டீமில் வளர்ந்த பையன். சின்ன வயசில் ஸ்கூலில் இலவசச் சாப்பாடு சாப்பிட்டவன். 2020இல் கொரோனா காலத்து லீவில் ஏழைப் பிள்ளைகளுக்கு அந்தச் சாப்பாட்டை நிறுத்தப்போகிறார்கள் என்றதும், அரசாங்கத்துக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதி முடிவை மாற்ற வைத்தான். சத்துணவுத் தட்டோடு வரிசையில் நின்ற நமக்கு அவன் யார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த வருஷம் யூரோ ஃபைனலில் இங்கிலாந்துக்காக ஒரு பெனால்டியை விட்டதும், அவன் நிறத்தை வைத்து உலகம் முழுக்கத் திட்டினார்கள். மான்செஸ்டரில் விதிங்டன் என்ற இடத்தில் சுவரில் வரைந்திருந்த அவன் படத்தின் மேல் கிறுக்கினார்கள். மறுநாள் அந்த ஊர் ஜனங்கள் வந்து, கிறுக்கிய இடம் தெரியாதபடி சின்னச் சின்னக் காகிதங்களில் நல்ல வார்த்தை எழுதி ஒட்டினார்கள். சின்னப் பிள்ளைகளின் கையெழுத்துகூட இருந்தது. போன மாதம் அவன் பார்சிலோனா டீமுக்கு லோனில், அதாவது ஒரு சீசனுக்கு இரவலாக, போனான். ஆட்டம் சரியில்லாமல்தான் போனான், ஒத்துக்கொள்கிறேன். நம் குரூப்பில் அன்று பட்டாசுப் படம். ஒட்டிய காகிதம் ஒன்றுகூட நம் பக்கத்திலிருந்து இல்லை.

ஓனானாவைப் பற்றிய அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். அதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மேரி அக்கா பையனைப் பற்றிச் சொன்னேன். பதினாலு வயசு. கடைசி லீக் பட்டம் வந்தபோது அவனுக்கு இரண்டு வயசு. அவன் பார்த்த யுனைடெட் தோற்கிற யுனைடெட் மட்டும்தான். ஆனாலும் சிவப்பு ஜெர்சியைத் துவைத்துத் துவைத்துப் போடுகிறான், முதுகில் 37 என்று மைனூவின் நம்பர். போன வாரம் கிரவுண்டில் நம்மில் ஒருவர் அவனிடம், "இந்த டீமை வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற, சிட்டிக்கு மாறிடு" என்று சொல்லியிருக்கிறார். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். அவன் என்னிடம் வந்து, "அக்கா, அப்போ அவரு மாறிட்டாரா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. 1937 அக்டோபரிலிருந்து இன்றுவரை, சொந்தக் கிரவுண்டில் வளர்த்த பையன் ஒருவனாவது டீம் லிஸ்ட்டில் இல்லாமல் யுனைடெட் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. யுத்தம் வந்தது, குண்டு விழுந்து ஸ்டேடியமே இடிந்தது, இரண்டாம் டிவிஷனுக்குப் போனார்கள். அப்போதும் ஒரு பையன் இருந்தான். மினி பிரேசில் என்று பேப்பரில் நம்மை எழுதும்போது பெருமைப்படுகிறோமே, புழுதியில் ஆடுகிற பிள்ளைகளை வைத்துத்தானே அந்தப் பெயர்? அந்தப் பிள்ளைகள் பக்கம் நிற்கிற டீமை விட்டுவிடு என்று நாமே சொல்லலாமா?

இன்னொன்று. இதை நைனாவுக்காகச் சொல்கிறேன், ஆனால் உங்களில் பாதிப் பேர் வீட்டுக்கும் பொருந்தும். நைனா பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில், அதாவது ரயில் பெட்டி ஒர்க்ஷாப்பில், முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டர். மெட்ராஸ் ரயில்வே காலத்திலிருந்து, 1856இலிருந்து இருக்கிற ஒர்க்ஸ். சின்ன வயசில் எங்களுக்குக் கடிகாரமே ஷாப் சங்குதான். கேரேஜுக்கும் லோகோவுக்கும் மேட்ச் என்றால் குவார்ட்டர்ஸ் பூராவும் கிரவுண்டில் இருக்கும். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் யுனைடெட் எப்படிப் பிறந்தது என்று படித்துவிட்டு அவரிடம் சொன்னேன். 1878இல் லங்காஷயர் அண்டு யார்க்ஷயர் ரயில்வேயில், நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் கேரேஜ் அண்டு வேகன் ஷாப் தொழிலாளிகள் சேர்ந்து போட்ட டீம் அது. முதலில் மற்ற ஷாப்காரர்களோடும் மற்ற ரயில்வே கம்பெனிக்காரர்களோடும்தான் ஆடினார்கள். சிவப்புகூடக் கிடையாது, பச்சையும் மஞ்சளும். நைனா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "கேரேஜ் அண்டு வேகனா? அப்போ அவங்க நம்ம ஷாப்பு ஆளுங்க!"

அன்றிலிருந்து அவர் யுனைடெட் என்று சொல்வதில்லை. "ஷாப்பு டீம்" என்றுதான் சொல்கிறார்.

அந்த ஷாப்பு டீம் 1902இல் கடன் கட்ட முடியாமல் மூடும் நிலைக்கு வந்தது. கேப்டன் ஹாரி ஸ்டாஃபோர்டு பணம் திரட்ட அலைந்தார். நிதி திரட்டும் சந்தையிலிருந்து அவருடைய நாய் ஓடிப்போய், அது ஒரு பணக்கார மதுத் தொழிற்சாலை முதலாளி கையில் கிடைத்து, அந்த ஜே.எச். டேவிஸ் பணம் போட்டார் என்று கதை சொல்வார்கள். நாய் கதை எப்படியோ, பணம் வந்தது உண்மை. டீமுக்கு மான்செஸ்டர் யுனைடெட் என்று பெயர் வைத்ததும் அந்த வருஷம்தான்.

1958 பிப்ரவரி 6, மியூனிக் விமான விபத்து. 23 பேர் இறந்தார்கள், அதில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். கோச் மேட் பஸ்பி ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிறார். பதின்மூன்று நாள் கழித்து ஓல்டு டிராஃபோர்டில் அடுத்த மேட்ச். அன்று விற்ற மேட்ச் புத்தகத்தில் யுனைடெட் ஆட்டக்காரர்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் அச்சடித்திருந்தார்கள். யார் ஆடப்போகிறார்கள் என்று அச்சுக்குப் போகும்போது யாருக்கும் தெரியாது. துணைக் கோச் ஜிம்மி மர்ஃபி கையில் கிடைத்த பையன்களை வைத்து ஆடவைத்தார். பெயரே இல்லாத டீமைப் பார்க்க ஸ்டேடியம் நிறைய ஜனம் வந்தது. அந்தக் காகிதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

1974இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள் என்றேனே, அதன் அடுத்த சீசனைப் பாருங்கள். இங்கிலாந்தில் எந்த டிவிஷனிலும், எந்த டீமுக்கும், யுனைடெட்டுக்கு வந்த அளவு கூட்டம் சொந்த மைதானத்துக்கு வரவில்லை. சாம்பியன் டீம்களுக்குக்கூட வரவில்லை. நான் இந்த மடலில் சொல்ல வந்தது முழுக்க அந்த ஒரு சீசனில் இருக்கிறது. கோப்பை இருக்கும்போது வந்த கூட்டம் கோப்பையோடு போய்விடும். இவர்கள் டீம் விழுந்த பிறகு வந்தார்கள்.

மூன்று தெரு தள்ளி இருக்கிற லிவர்பூல் பையன்களை நாம் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம். 1990க்கும் 2020க்கும் நடுவில் முப்பது வருஷம் அவர்களுக்கு லீக் பட்டம் இல்லை. அந்த முப்பது வருஷமும் அவர்கள் சலூனில் உட்கார்ந்து மேட்ச் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த வருஷம் நம்முடைய இருபதைச் சமன் செய்துவிட்டார்கள். கேக் வெட்டி எங்கள் வீட்டுக்கும் ஒரு துண்டு கொடுத்தனுப்பினார்கள். நம்மைக் கிண்டல் செய்யக்கூட இல்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

முதலாளிகள் மேல் கோபம் என்று சிலர் ஒதுங்கியிருக்கிறீர்கள். அது வேறு கணக்கு. அதை மதிக்கிறேன். 2005இல் கிளேசர் குடும்பம் டீமை வாங்கியபோது, வாங்குவதற்குப் பட்ட கடனில் பெரும் பகுதியை டீமின் தலையிலேயே கட்டியது. வீட்டை வாங்கியவர் கடனை அந்த வீட்டுக்காரப் பிள்ளைகளே அடைக்கட்டும் என்று எழுதிவைத்த மாதிரி. அந்தக் கோபத்தில் வெளியேறிய ரசிகர்கள் எஃப்.சி. யுனைடெட் என்று சொந்தமாக ஒரு டீமே தொடங்கி இன்றும் நடத்துகிறார்கள். போன வருஷம் பங்கு வாங்கி வந்த ராட்கிளிஃப் காலத்தில் நூற்றுக்கணக்கான ஊழியர்களை வேலையிலிருந்து அனுப்பினார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குக் கொடுத்த இலவச மதியச் சாப்பாட்டையும் நிறுத்தினார்கள். இதை நைனாவிடம் படித்துக் காட்டியபோது அவர் முகம் மாறியது. "கேண்டீன்ல கை வெச்சாங்களா? ஷாப்புல இதைச் செஞ்சிருந்தா அன்னைக்கே சங்கம் கேட்டுல உக்காந்திருக்கும்" என்றார். பின்னி ஆலைத் தொழிலாளிகள் 1918இல் சங்கம் வைத்த மண்ணில் பிறந்தவர், வேறு எப்படிப் பேசுவார்.

மான்செஸ்டர்க்காரர்களும் சும்மா இல்லை. இந்த வருஷம் மார்ச்சில் ஆர்சனல் மேட்ச் அன்று ஆயிரக்கணக்கில் கறுப்புச் சட்டை போட்டு ஸ்டேடியத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள், முதலாளிகள் வெளியேறச் சொல்லிக் கத்தினார்கள். கத்திவிட்டு உள்ளே போய் டீமுக்குப் பாடினார்கள். முதலாளியும் டீமும் ஒன்றில்லை என்று அவர்களுக்குத் தெரிகிறது. நமக்கும் தெரியும். ஒர்க்ஸ் மேனேஜர் மேல் கோபம் என்பதற்காக கேரேஜ் டீம் தோற்கட்டும் என்று நம் அப்பாக்கள் யாரும் நினைத்ததில்லை.

நான் ஒரு சத்தியமும் செய்யவில்லை. ஃபெர்குசனுக்கும் முதல் மூன்று வருஷம் ஒன்றும் சரியாக வரவில்லை, அவரைப் போகச் சொல்லி ஸ்டேடியத்திலேயே பேனர் கட்டினார்கள், அப்புறம் எல்லாம் மாறியது என்று அடிக்கடி சொல்வார்கள். அந்தக் கதையை உங்களிடம் சொல்லி இழுக்க எனக்கு விருப்பமில்லை. பொறுத்திருந்தால் இன்னொரு ஃபெர்குசன் வருவார் என்று யாரால் சொல்ல முடியும்? வராமலே போகலாம். 1967க்குப் பிறகு அடுத்த லீக் பட்டத்துக்கு 26 வருஷம் ஆனது. இப்போதும் அவ்வளவு ஆகலாம். ஆனால் நைனா இருக்க மாட்டார். நமக்கெல்லாம் தலை நரைத்திருக்கும்.

நான் கேட்பது அது இல்லை. எங்களை இதற்குள் கொண்டுவந்தது நீங்கள். ஜெயிக்கும்போது எப்படிக் கத்துவது என்று சொல்லிக்கொடுத்தீர்கள். தோற்ற ராத்திரியில் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீயைப் பங்கு போட்டுக் குடிப்பதையும் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். 2009 ரோம் ஃபைனலிலும் 2011 வெம்ப்லி ஃபைனலிலும் பார்சிலோனாவிடம் தோற்றபோது ரூமில் ஐம்பது பேர் இருந்தோம். ஐம்பது பேராகத் தோற்றதால் அது தாங்கியது. மேரி அக்கா பையன் எங்களோடு, இரண்டு மூன்று பேரோடு தோற்கிறான். அவனுக்கு அது தாங்குமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ரூம் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கேரம் கிளப் அண்ணன் நல்லவர், நம்மிடம் வாடகை என்று கேட்டதே இல்லை, கரண்ட் காசு மட்டும்தான் வாங்குவார். ஆனால் ஆள் வருவதில்லை என்பதால் தீபாவளிக்கு அப்புறம் மாடியைத் துணிக் குடோனுக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார். போன வாரம் என்னிடம் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். தப்பில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. சனிக்கிழமைக்குப் பத்துப் பேர் வந்தாலும் கொடுக்க மாட்டேன் என்றார். புரொஜெக்டர் லென்ஸில் ஒரு மூலையில் பூஞ்சை பிடித்திருக்கிறது, அதைத் துடைக்க ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆள் விசாரித்துவிட்டேன், செலவு என்னுடையது. நோட்டில் பழைய பெயர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. யார் பெயரையும் அடிக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை, 30ஆம் தேதி, பர்ன்லியோடு ஓல்டு டிராஃபோர்டில் மேட்ச். நம் ஊருக்கு ராத்திரி ஏழரை. தூக்கம் கெடாத நேரம், பிள்ளைகளையும் கூட்டிவரலாம். பிள்ளையார் கரைக்கிற வேலை இருப்பவர்கள் இரண்டாவது பாதிக்கு வந்தாலும் போதும். நைனாவுக்குச் சுவரோரம் அந்த நாற்காலியை விட்டுவிடுங்கள், மற்ற இடமெல்லாம் காலிதான். ஏழு மணிக்கே யாராவது வந்தால் பாய் விரிக்க ஒரு கை இருக்கும்.

அன்புடன்,
கேரேஜ் ஃபிட்டர் மகள்,
பெரம்பூர்